சீட்டுக் காலில் ஒரு ஓட்டை

அண்ணன் வேண்டாம் என்றான். அதனாலேயே அந்தப் படகுச் சீட்டின் காலில் ஓட்டை போட்டே தீருவது என்று ரஞ்சன் முடிவு செய்துவிட்டான்.

ஜாலான் புசாரில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய ராட் ஹோல்டர்கள் இரண்டும் படகின் தரையில் கிடந்தன. தூண்டில் கம்பைச் செருகி வைக்கிற எஃகுக் குழல்கள். முன் சீட்டைத் தாங்கி நிற்கும் அந்த அலுமினியக் குழாயில் இவற்றைத் திருகிவிட்டால் போதும். அதன்பிறகு அது ரஞ்சனின் சீட்டு.

அப்பா உட்கார்ந்து மீன் பிடித்த சீட்டு. அவர் போனபிறகு அண்ணன் சுரேந்தர் அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. தானும் உட்காருவதில்லை. படகு இரண்டு பேருக்கும் பொது என்று அப்பாவே சொல்லியிருக்க, இதென்ன நாட்டாமை?

"ஓட்டை போட்டா துரு பிடிக்கும்" என்றான் சுரேந்தர்.

அலுமினியம் எந்த ஊரில் துரு பிடிக்கிறது? கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன் பேசுகிற பேச்சா இது? ரஞ்சன் ட்ரில்லில் பிட்டை மாட்டினான்.

"கிளாம்ப் வெச்சு இறுக்கிக்கோ. ஓட்டை வேணாம்."

"பெரிய மீன் இழுத்தா கிளாம்ப் சுத்திரும்."

"அப்ப என் சீட்டுல போட்டுக்கோ லா. எத்தன ஓட்டை வேணாலும் போடு."

அதுதான் ரஞ்சனுக்குச் சுருக்கென்று தைத்தது. பிச்சை போடுகிறானாம், பிச்சை.

இவன் என்றைக்கும் இப்படித்தான். அப்பா செத்தபோது ரஞ்சன் நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலையாக இருந்தான். காற்றும் மழையுமாக இருந்ததால் ஹெலிகாப்டர் வரவில்லை. வந்துவிடுகிறேன், பொறுங்கள் என்று போனில் கெஞ்சினான். பொறுத்தார்களா? கொள்ளி போட்ட மூத்த மகன் மறுநாளே அஸ்தியை வாங்கிக்கொண்டு, ஐயர் குறித்துக் கொடுத்த நேரத்தில், இதே படகில் போய்க் கரைத்துவிட்டு வந்துவிட்டான். ரஞ்சன் வந்து இறங்கியபோது தொட்டுக் கும்பிட எதுவுமே மிச்சமில்லை.

பிறகு ஒருநாள் சுரேந்தர் ரஞ்சனின் பாசிர் ரிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு பையோடு. சமாதானத்துக்குப் பலகாரம் வாங்கி வந்திருப்பான். இரும்புக் கேட்டை அவன் முகத்துக்கு நேராக அறைந்து சாத்தியதை நினைத்தால் ரஞ்சனுக்கு இப்போதும் நெஞ்சு குளிரும்.

அன்றிலிருந்து பேச்சு படகைப் பற்றி மட்டும்தான்.

மேல் ஓட்டை சுலபமாக விழுந்தது. சுரேந்தர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தான்.

கீழ்த் திருகுக்காக ரஞ்சன் குனிந்து குழாயின் அடியில் ட்ரில்லை வைத்தான். அப்போதுதான் சுரேந்தர் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

ரஞ்சன் முழங்கையால் அண்ணன் நெஞ்சில் ஓங்கி இடித்தான். சுரேந்தர் தடுமாறி ஐஸ் பெட்டியின் மேல் விழுந்தான். படகு ஆடியது. விழட்டும், நன்றாக வேண்டும்.

பிட் உள்ளே இறங்கியது. அலுமினியம் சுருள் சுருளாக உதிர்ந்தது. பிறகு பிட் எதிலோ சிக்கித் திணறியது. வெறும் குழாய்க்குள் என்ன சிக்கும்? வெளியே இழுத்தான். நுனியில் சிவப்புத் துணியின் நூல்கள் சுற்றிக்கொண்டு வந்தன.

பின்னாலேயே ஓட்டையிலிருந்து வெளுத்த பொடி கொட்டியது.

அலுமினியத் தூளாக இருக்கும் என்று விரலில் தொட்டுத் தேய்த்தான். பளபளக்கவில்லை. நறநறவென்றது. அதில் வெள்ளையாக, குருணை அளவில், ஒரு எலும்புத் துண்டு.

ரஞ்சன் ட்ரில்லைப் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தான். தரையில் சிந்தியதைக் காற்று கொண்டுபோகாமல் மறு கையால் பொத்திக்கொண்டான்.

சுரேந்தர் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்தான்.

"வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னாங்க, அதான் இதுக்குள்ள. நீ உன் கையால கரைக்கணும்னு ஒரு பிடி எடுத்து வெச்சேன். கொண்டாந்தேன், கேட்ட சாத்துனே. அப்புறம் எனக்கும் வீம்பு" என்றான்.

ரஞ்சன் மண்டியிட்டபடியே இருந்தான். அடைத்த விரலை இன்னும் அழுத்தினான்.

சுரேந்தர் அவன் பக்கமே திரும்பவில்லை. கயிற்றை அவிழ்த்தான். எஞ்சினை முடுக்கிப் படகைக் கடலைப் பார்த்துத் திருப்பினான்.

"விரல எடுத்தே, கொன்னுருவேன்" என்றான்.