லத்தீன் முதல் பாடம்

மாலை வெயில் சமையலறை மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. வீட்டிலேயே படிக்கும் பதினைந்து வயது மகளுக்கு லத்தீன் மேல் கொள்ளை ஆசை. செடிகளின் அறிவியல் பெயர்களெல்லாம் அந்த மொழியில்தான் இருக்கின்றனவாம். மடிக்கணினியில் இணைய வகுப்பின் கட்டணத்தைப் பார்த்து, தையல் வேலை செய்யும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. அந்த முகத்தைக் கவனித்த மகள் மெல்ல மடிக்கணினியை மூடிவிட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய லத்தீன் பாடநூலை அம்மா பக்கம் நகர்த்துகிறாள். "இதுவே போதும்மா." "யாருடி சொல்லித்தருவா?" "நீதான்." "எனக்கு அதுல ஒரு வார்த்தைகூடத் தெரியாதே!" "எனக்கும்தான். சேர்ந்தே முழிப்போம்." அம்மா கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை மகளோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறாள். காய்ந்த பசை வாசனையோடு முதல் பக்கம் சடசடவென்று திறக்கிறது. ஊசி குத்தித் தடித்த விரல் வரிக்கு அடியில் மெதுவாக ஊர்கிறது. "அமா... அமாமுஸ். என்னடி இது, பூனைக்குட்டிக்கு வெச்ச பேரு மாதிரி?" மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிறகு அர்த்தத்தைத் தேடிப் பார்த்து, "நாம நேசிக்கிறோம்னு அர்த்தம்மா" என்கிறாள். அம்மா விரலை அந்தச் சொல்லுக்கே திரும்பக் கொண்டுபோகிறாள். அப்புறம் தடுமாறாமல், இன்னொரு தடவை சொல்கிறாள்: "அமாமுஸ்."