பச்சைப் பொத்தான்

மருந்தின் அளவை இயந்திரம் முடிவு செய்யும். மருந்தாளர் பச்சைப் பொத்தானை அழுத்தி ஒப்புதல் தர வேண்டும். நிறுத்திக் கேள்வி கேட்டால் மதிப்பெண் குறையும். ஒருமுறைகூடக் கேள்வி கேட்காத பெர்னதெத், இன்று அந்த மருத்துவமனையின் தலைமை மருந்தாளர் ஆனாள்.

பாராட்டு மாலையைக் கழற்றுவதற்குள் கீழ்த்தளத்திலிருந்து இளம் மருந்தாளர் வாசுகி போனில் அழைத்தாள்.

"மேடம், குழந்தை எட்டு கிலோதான். பெரியவங்களுக்குக் குடுக்கற டோஸ் வந்திருக்கு. நிறுத்தி உங்களுக்கு அனுப்பிட்டேன். என் மார்க் போனாப் போகுது."

"இரும்மா, பாக்கறேன்."

பெர்னதெத் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தன் மேசையிலிருந்த இயந்திரத்தின் திரையைப் படித்தாள். வாசுகி சொன்னது சரிதான்.

"குடுக்க வேணாம்மா."

"என்ன மேடம், நீங்கதானே அப்பவே ஓகே குடுத்தீங்க? வார்டுல ஊசி ஏறிடுச்சு."

பெர்னதெத் குனிந்து பார்த்தாள். அவள் கட்டைவிரல் பச்சைப் பொத்தானின் மேல் இருந்தது.