ஆறு மாத ராஜா

கூட்டத்தில் முதலில் உயர்ந்த கை செவந்தியுடையது. சோலையப்பன் வாத்தியாரின் சொந்தப் பெண்டாட்டி!

அவர் கண்மாய்ச் சங்கத் தலைவராகி நேற்றோடு ஆறு மாதம். அதுவரை தலைவரை அசைக்கக் கூடாது என்பது சங்க விதி. முடிந்ததும் முடியாததுமாய் நாகராசு கூட்டத்தைக் கூட்டிவிட்டான்.

"காலங்காலமா நம்மளோட மல்லுக்கு நிக்கிற ஊரு கீழக்குடி. அவங்க நெல்லு காயுதுன்னு மடையைத் தொறந்துவிட்ட ஆளு நமக்குத் தலைவரா? எறக்குவோம். செவந்தியக்காவை உக்கார வைப்போம். என்ன சொல்றீங்க?"

செவந்தி வாயில்லாப் பூச்சி, சொன்னபடி கேட்பாள் என்பது அவன் போட்ட கணக்கு. அவள் கை தூக்கியதும் மொத்தக் கூட்டமும் தூக்கிவிட்டது. வாத்தியார் மடைச் சாவியை வீசியெறிந்துவிட்டு வெளியேறினார்.

வீட்டுக்குள் அவள் கால் வைத்ததுமே பிடித்துக்கொண்டார்.

"வாங்க தலைவரம்மா! ரஷ்யாவுல மூணாம் பீட்டர்னு ஒரு ராஜா இருந்தான். தெரியுமா ஒனக்கு?"

"நீங்கதான் சொல்லணும்."

"பட்டத்துக்கு வந்ததும் எதிரி நாட்டோட சண்டையை நிறுத்துனான். புடிச்ச எடத்தையும் திருப்பிக் குடுத்தான். பட்டாளத்துக்காரனுக்குப் பொறுக்குமா? கட்டுன பொண்டாட்டி, கேத்தரின்னு பேரு, அவங்களோட சேந்துக்கிட்டு ஆறே மாசத்துல அவனை எறக்கிட்டா. தானே ராணியா உக்காந்துட்டா. பத்து நாள்கூட ஆகலை, அடைச்சு வச்ச எடத்துலயே ஆளு காலி!"

"பாவம்ங்க."

"பாவமா? அதை நீ சொல்றியா? படிக்கிறப்பல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் கேத்தரினே இத்தனை வருஷமா எனக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா!"

செவந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த ராணி வந்ததும் எதிரியோட மறுபடி சண்டையை ஆரம்பிச்சாளா?"

"அதுவா இப்ப முக்கியம்? துரோகம்டி, துரோகம்!" அவர் சொம்பைத் தொடவில்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. நாகராசு. வாத்தியாரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"அக்கா, சாவியைக் குடுங்க. மடையை அடைச்சுட்டு வாரேன்."

வாத்தியார் துள்ளி எழுந்தார். பதவி போய்த் தொலையட்டும். இன்னும் ரெண்டு தண்ணீர் பாய்ந்தால் கீழக்குடி நெல் பிழைத்துவிடுமே! அதையும் இந்தப் பாவிகள் கெடுக்கிறார்களே!

செவந்தி சாவியை எடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கீழக்குடி நெல்லு தேறுற மட்டும் மடை தொறந்துதான் இருக்கும், தம்பி."

நாகராசுவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என்னக்கா இது? அப்ப ஒங்களையும் எறக்க வேண்டியதுதான்!"

"எறக்கலாமே. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பைக் உறுமிக்கொண்டு போனது.

வாத்தியார் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"செவந்தி..."

"ம்?"

"ஆரம்பிக்கலை. அந்த ராணி கடைசிவரைக்கும் அந்த எதிரியோட சண்டைக்கே போகலை."