அழைத்துப் போக வந்தவன்

“என் மருமகளை எங்கேயும் அனுப்ப மாட்டேன். பெட்டியைக் கீழே வை.”

தொம்மலூர் வீட்டு வாசலில், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் வேதநாயகி. தங்கை தாரணியை அழைத்துப் போக ஆம்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்திருந்த பரத்துக்கு ரத்தம் கொதித்தது.

“உங்க பையன் வேற ஒருத்தியோட ஒயிட்ஃபீல்டுல குடித்தனம் நடத்துறாரு. இவளுக்கு இங்க என்ன வேலை அத்தை?”

“எனக்கு முட்டி வலி. தனியா சமைச்சுச் சாப்பிட முடியாது.”

“அதுக்கு ஆள் வைங்க. என் தங்கச்சி என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?”

பெங்களூரில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது என்று சும்மா சொல்கிறார்கள். சண்டை என்றால் தெருவே தெரிந்துகொள்ளும். எதிர்வீட்டு வீணா பால்கனிக்கு வந்து, “ஏனாயித்து ஆன்ட்டி?” என்று கன்னடத்தில் விசாரித்தாள்.

“ஏனூ இல்லம்மா” என்று வேதநாயகி சிரித்து மழுப்பினாள்.

தாரணி இரண்டு மாத அழுகையில் பாதியாக இளைத்திருந்தாள். “போயிடலாம்ணா. இங்கேயே இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

பெற்ற பிள்ளைக்கு இருக்கிற ஈரம்கூட இந்த அம்மாளுக்கு இல்லையே என்று பரத்துக்கு எரிச்சலாக வந்தது. ‘தப்பு என் மேலதான் மச்சான். கொஞ்ச நாள் உங்க வீட்டுல வச்சிருங்க, அவ மனசு ஆறட்டும்’ என்று நேற்று போனில் சொன்னதே அந்தப் பிள்ளை ஹரிஷ்குமார்தான்.

“வழி விடுங்க. உங்க பையனே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. வீடு அவர் பேருல இருக்கு. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

வேதநாயகியின் முகம் செத்துப்போனது. பெட்டியைப் பிடுங்கி வீட்டுக்குள் இழுத்துப் போனாள். பின்னாலேயே வந்த இருவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். இப்போது குரல் தணிந்திருந்தது.

“பெத்த பிள்ளையைப் பத்தித் தெருவுல நின்னு சொல்ல வாய் வரல தம்பி. பிரேசர் டவுன்ல ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். இவ இங்க இருக்கிற வரைக்கும், கோர்ட்டுக்குப் போகாம யாரும் இவளை வெளியேத்த முடியாதாம். தானா போயிட்டா, மறுபடி உள்ளே வர்றதுக்கு வருஷக்கணக்கா அலையணுமாம்.”

“எங்க வீட்டுல இடம் இல்லாமலா போச்சு?”

“இன்னிக்கு இருக்கு. நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும்.”

பரத் கொஞ்சம் தடுமாறினான். “இப்போ யாரு இவளை வெளியே தள்ளப் போறா? ஹரிஷ் என்கிட்ட நல்லவிதமாத்தானே பேசினாரு?”

வேதநாயகி ஜன்னல் திரையை லேசாக ஒதுக்கினாள்.

“காலையில ஹரிஷ் எனக்கும் போன் பண்ணி, ஒரு ஆள் வருவான், கதவைத் திறந்துவிடுன்னு சொன்னான். அதோ மரத்தடியில, பைக்குல உட்கார்ந்திருக்கானே, அவன் உன் கார் கிளம்பினதும் இந்த வீட்டுப் பூட்டை மாத்த வந்திருக்கிற ஆளு.”