கறுப்பு அட்டையில் ஒரு சொட்டு

“‘காலையில விரல் மடங்க மாட்டேங்குதும்மா, பத்து மணிக்கு மேலதான் இளகுது!’ தினம் இதே பாட்டு. உன் விரலுக்கு என்ன, ஆபீஸ் டைமா?”

ரமணியின் குரல் லேப் வாசல் வரை கேட்டது. ஆறு வருஷமாக மெட்டுகுடாவிலிருந்து தார்நாகாவுக்கு நடந்து வந்து அவள் வீட்டில் வேலை செய்யும் அம்மணி, வீங்கிய விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நெசமாவே வலிக்குதும்மா.”

“கான்வென்ட்ல நாங்க மணிக்கணக்கா முட்டி போட்டவங்க. வலின்னு யாராவது வாயைத் திறந்தோமா? சரி, ரத்தமே சொல்லட்டும். நோய்னு வந்தா உன்னை உட்கார வச்சு நானே பாத்திரம் தேய்க்கிறேன். நடிப்புன்னு வந்தா, நாளையிலேர்ந்து டாண்ணு ஆறு மணிக்கு வந்து நிக்கணும்.”

செல்போன் அடித்தது. ரமணி வெளியே போனாள்.

லேப் டெக்னீஷியன் இர்பான், அம்மணியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரைக் கறுப்பு அட்டையில் ஒரு சொட்டு விட்டான். அதன் மேல் வெள்ளையாக இன்னொரு சொட்டு.

“இது என்ன, பாலா தம்பி?”

“இல்லக்கா, பிளாஸ்டிக் மணிங்க. கண்ணுக்குத் தெரியாத பொடிசு, லட்சக்கணக்குல மிதக்குது. முடக்குவாதம் இருந்தா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும்.”

“ஒட்டட்டும் தம்பி. பொய்க்காரிங்கிற பேராவது போகட்டும்.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி அட்டையை மெல்ல ஆட்டினான். ரெண்டு நிமிஷம்.

ஜன்னல் வழியே ரமணியின் குரல் வந்தது.

“ஆமா புஷ்பா, இங்கதான் டெஸ்ட் நடக்குது. நோய்னு வந்துட்டா இன்னியோட நிறுத்திட வேண்டியதுதான். உங்க வீட்டுக்கு வர்றவளை நாளைக்கே அனுப்பிடு. விரல் மடங்காதவளை வச்சுக்கிட்டு என்ன பண்றது? நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்தறேன்?”

அம்மணி அட்டையையே பார்த்தாள்.

“நக்கோ தம்பி, வேணாம், ஆட்டாதே.”

“நிறுத்தினா மட்டும் நின்னுடுமாக்கா?”

கறுப்பின் மேல் வெள்ளைத் துணுக்குகள் ஒவ்வொன்றாய்த் திரண்டன.

“மருந்து இருக்குக்கா. பெரிய டாக்டர்கிட்டே காட்டுங்க” என்று சொல்லிவிட்டு இர்பான் பேனாவை எடுத்தான்.

செருப்புச் சத்தம் கிட்டே வந்தது.

அம்மணி இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். ஒண்ணுமில்லேன்னு எழுது தம்பி... அந்தம்மா வர்றாங்க, சீக்கிரம் எழுதிடு.”