கரி

விண்ணுக்குப் போய்த் திரும்பிக் கடலில் விழுந்த விண்கலத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றிவந்தார் லாரி ஓட்டுநர் இருளப்பன். இரண்டு நாளாக வேனில் பின்னாலேயே வரும் அந்த ஐந்து பேரைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல். ராக்கெட் படம் போட்ட ஒரே மாதிரி பனியன், கழுத்தில் கேமரா, வேலைவெட்டி இல்லாத கூட்டம். டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒரே ஒரு தடவ காட்டுங்கண்ணே. பன்னெண்டு வருஷமா இதப் பத்தியே பேசிக்கிட்டிருக்கோம்," என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

"கருகிப்போன அண்டா. இதுல என்னத்தப் பாக்கப் போறீங்க?"

தொல்லை விட்டால் போதும் என்று தார்ப்பாயை விலக்கினார். ஐவரும் கேமராவை மறந்து அதையே பார்த்தார்கள்.

"தொட்டுக்கங்க."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்ணே. பாத்ததே போதும்."

அந்தப் பக்தி அவருக்குச் சகிக்கவில்லை. எருமையைத் தட்டுவதுபோல் கலத்தின் வயிற்றில் ஓங்கி ஓர் அறை விட்டார். "பாத்துக்கங்க, வெறும் தகரம்."

யாருக்கும் கோபம் வரவில்லை. எல்லோரும் அவருடைய உள்ளங்கையையே பார்த்தார்கள். அதில் கரி அப்பியிருந்தது. லுங்கியில் துடைக்கப் போனார்.

"தொடச்சிராதீங்கண்ணே," என்றாள் அவள். "வானத்துலேர்ந்து எரிஞ்சு வந்த கரிண்ணே."

சுத்தப் பைத்தியங்கள் என்று நினைத்தார். ஆனாலும் அந்தக் கையை விரித்தபடியே வைத்துக்கொண்டு, கடைக்காரர் நீட்டிய டீயை இடது கையால் வாங்கினார்.