இசக்கிசெல்வியைக் காட்டாத டிவி

“ஏலே சுடலை, என் வீட்டு டிவிக்கு மட்டும் என்னலே கேடு வந்துச்சு?”

கேபிள் ஆபீஸ் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள் ராதாமணி. சொந்தமாகக் கடலைமிட்டாய்க் கம்பெனி வைத்துப் பத்துப் பெண்களுக்கு வேலை கொடுப்பவள். கோவில்பட்டியில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. அவளைக் கூட்டி வந்த புருஷன் பூவனநாதன் வாசலில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஓடிக்கொண்டிருந்த டிவியைச் சட்டென்று அணைத்துவிட்டு எழுந்தான் கேபிள்கார சுடலைராஜ். ஒயரில் ஏதோ கோளாறு என்றான்.

“பக்கத்து வீட்டுல ஓடுது, எதுத்த வீட்டுல ஓடுது. எனக்கு மட்டும் கோளாறா? எம்மவ இந்தியாவுக்கு ஆடுதா. அவ மூஞ்சிய நான் பாக்க வேண்டாமா?”

நியாயமான கோபம்தான். அவள் மகள் இசக்கிசெல்வி இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியில் ஆடுகிறாள். நேற்று ஆசியக் கோப்பை அரையிறுதி. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, விளையாட்டு சேனல்காரன் என்றோ முடிந்துபோன கிரிக்கெட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். இந்தியா தோற்றதே போன் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எல்லா சேனலுக்கும் ஹாக்கி ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து ராதாமணி வீட்டு டிவி படுத்துவிட்டது.

சரிபண்ண நாலு நாள் ஆகும் என்றான் சுடலைராஜ். அப்படியானால் தன் வீடும் தன்னிடம் வேலை பார்க்கும் பத்துப் பேர் வீடும் நாளைக்கே டிஷ்ஷுக்கு மாறிவிடும் என்றாள் ராதாமணி. அவன் இரண்டு நாளுக்கு இறங்கினான். அவள் இறங்கவில்லை. இன்று பொழுது சாய்வதற்குள் படம் தெரிய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனாள்.

ரிமோட் மாற்ற வந்து, நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அழகிரிசாமி வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

“நீயெல்லாம் மனுசனாடே? பெத்தவ வந்து கேக்கா, நீ நாளு சொல்லுத. ஏணிய எடுத்துட்டுப் போனா பத்து நிமிச வேல.”

சுடலைராஜ் டிவியைப் போட்டான்.

திரையில் இசக்கிசெல்வி. சமனில் முடிந்த ஆட்டத்தின் கடைசி ஷூட்-அவுட் அடி. பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போனது. அதையே மறுபடியும் போட்டார்கள். பிறகு மெதுவாக, பின்பக்கமிருந்து ஒரு தடவை. கோட் போட்ட நாலு பேர் உட்கார்ந்து, அவள் எப்படி அடித்திருக்க வேண்டும் என்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘இறுதிப்போட்டி வாய்ப்பைக் கோட்டைவிட்ட இசக்கிசெல்வி’.

“லீக் ஆட்டத்துல நாலு கோல் போட்டா சார். ஒண்ணையாவது காட்டுனானா? இத மட்டும் நேத்துலேருந்து காட்டுதான்.”

வாத்தியார் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நேத்து சாயந்தரம் பூவனநாதன் அண்ணாச்சிதான் போன் போட்டாவ” என்றான் சுடலைராஜ். “‘தோத்தது மட்டுந்தான் அவளுக்குத் தெரியும், நம்ம பிள்ளயாலதான்னு தெரியாது. வெளியதான் சத்தம் போடுவா, உள்ளுக்குள்ள தாங்க மாட்டா. போஸ்ட்டுல ஒயரக் கழத்தி விட்ருடே’ன்னாவ. அதான் ஏச்சு வாங்குதேன்.”

பொழுது சாய அவள் திரும்ப வந்து நின்றால் என்ன சொல்லுவாய் என்று வாத்தியார் கேட்டார். அவன் யோசிப்பதற்குள் போன் அடித்தது. ராதாமணி. வாத்தியாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

அவள் குரல்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகப் பேசினாள்.

“தம்பி, அவிய பெட்ரோல் போட நிக்காவ, சட்டுனு சொல்லிருதேன். நான் எல்லாத்தையும் நேத்தே போன்ல பாத்துட்டேன். அவியளுக்குத் தெரியாது. மவ மேல உசிரா இருக்க மனுசன், பாத்தா நொறுங்கிருவாவ. வாசல்ல இருந்தாவல்லா, அதான் அப்படி ஏசுனேன், மனசுல வச்சுக்காத. ஏதோ அந்தச் செண்பகவல்லி அம்மன் புண்ணியத்துல அறுந்த ஒயரு. சேனல்காரன் வாய் ஓயுத வரைக்கும் அத ஒட்டிராத.”